அம்மாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் தூது போய்ச் சலித்துவிட்டது, இதிலிருந்து எப்படி விலகுவது?

நடுப்பிள்ளை:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மூன்று பேர், அண்ணன், நான், தம்பி. அம்மாவும் அப்பாவும் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள், நானும் தம்பியும் வேறு வேறு ஊரில். அம்மாவுக்கு அண்ணன் மேல் ஏதாவது வருத்தம் என்றால் அதை அவனிடம் சொல்ல மாட்டார், எனக்குத்தான் போன் வரும். "நீ சொன்னா அவன் கேப்பான், பக்குவமா எடுத்துச் சொல்லு" என்பார். சரியென்று அண்ணனிடம் பேசினால் அவன் தன் பங்குக்கு அம்மாவைப் பற்றி அரை மணி நேரம் கொட்டிவிட்டு, "இதையெல்லாம் நீயே அம்மாகிட்ட சொல்லிடு" என்று முடிப்பான். வருஷக்கணக்கில் இப்படியே ஓடுகிறது. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொன்னால் "அப்படியா சொன்னாங்க?" என்று புதிதாக ஒரு சண்டை, சொல்லாமல் விட்டால் எனக்கு அக்கறையே இல்லை என்று என் மேல் பாய்ச்சல்.

சில மாதங்களுக்கு முன் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அந்த நாட்களில் எங்களைப் பார்த்தவர்கள் இப்படி ஒரு குடும்பமா என்று வியந்திருப்பார்கள். முறை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் இருந்தோம், யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா வீட்டுக்கு வந்து நடமாட ஆரம்பித்ததும் பழைய கதை, இந்த முறை இன்னும் மோசமாக. இனிமேல் இவர்களை யார் பார்த்துக்கொள்வது, எங்கே இருப்பது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாக்குவாதம் வந்து அண்ணன் குழுவை விட்டே வெளியேறிவிட்டான்.

எங்கே பார்த்தாலும் பவுண்டரி வை, உறவில் ஓர் எல்லை வை என்கிறார்களே என்று நானும் அம்மாவிடம் "இனிமே அண்ணனைப் பத்தி என்கிட்ட பேசாதீங்க" என்று சொன்னேன். அன்றிலிருந்து போனில் "ம்", "இருக்கேன்", "சாப்பிட்டேன்" மட்டும்தான். என் கணவர் "நல்லதாப் போச்சு, கொஞ்ச நாள் யாரோடயும் பேசாம இரு" என்கிறார். அதை வைத்து எங்கள் இருவருக்கும் சண்டை. எட்டு வயது மகள் பக்கத்து அறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், அப்புறம்தான் தெரிந்தது.

எல்லை வைத்தால் உறவு போய்விடுமா? உறவு வேண்டுமென்றால் கடைசி வரை தூது போய்க்கொண்டேதான் இருக்க வேண்டுமா?


சிடுமூஞ்சி:

அம்மா மகளிடம் புலம்பாமல் வேறு யாரிடம் புலம்புவார்? வயதானவர், கணவருக்கு உடம்பு சரியில்லை, பயத்தில் இருக்கிறார். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டால் முடிந்தது. இந்த பவுண்டரி எல்லாம் ஆபீஸில் சக ஊழியரிடம் காட்ட வேண்டியது, பெற்றவளிடம் இல்லை. இப்படிச் சொன்னால் எல்லோரும் என் மேல் பாய்வீர்கள், தெரியும்.


கேட்டுப்பேசு:

பாய மாட்டேன், ஏனென்றால் சிடுமூஞ்சி சொன்னதில் பாதி சரி. நான் குடும்ப ஆலோசகராக வேலை பார்ப்பவள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அம்மா புலம்புவதில் தவறே இல்லை. அதை எடுத்துப்போய் அண்ணனிடம் சேர்க்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கேட்பது வேறு, சுமந்து போவது வேறு. நீங்கள் இரண்டாவதை நிறுத்த நினைத்து முதலாவதையும் சேர்த்து மூடிவிட்டதாக அம்மாவுக்குத் தோன்றியிருக்கும்.

முர்ரே போவன் என்று ஓர் அமெரிக்க மனநல மருத்துவர். 1950களில் நோயாளியை மட்டும் பார்க்காமல் அவருடைய குடும்பத்தையே ஆய்வு வார்டில் தங்கவைத்துக் கவனித்தவர். அவர் முக்கோணம் என்று சொன்னது அப்படியே உங்கள் வீட்டுக் கதைதான். இரண்டு பேருக்குள் இறுக்கம் கூடினால் அவர்கள் மூன்றாவது ஆளை உள்ளே இழுப்பார்கள். இழுத்ததும் இருவருக்கும் மூச்சு விட்டதுபோல் இருக்கும், ஆனால் எதுவும் தீராது, பாரம் மட்டும் மூன்றாவது ஆளின் தோளுக்கு வந்துவிடும். உங்களிடம் கொட்டிவிட்டு அம்மா அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார், அண்ணனும் தூங்கியிருப்பான், விழித்திருந்தது நீங்கள். இதில் இன்னொரு விஷயமும் உண்டு: நீங்கள் இருக்கும் வரை அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிப் பழக வேண்டிய அவசியமே வராது. நன்றாகத் தூது போகிறவர் கிடைத்த வீட்டில் இதுதான் நடக்கும்.

இதற்கு உங்கள் கணவர் சொல்வது மருந்து ஆகாது. எல்லாத் தொடர்பையும் அறுத்துக்கொண்டு விலகிப் போவதைப் பற்றியும் போவன் பேசியிருக்கிறார். விலகியதும் சூடு தணிந்ததுபோல் இருக்கும், உள்ளே பிரச்சினை அப்படியே உட்கார்ந்திருக்கும், அடுத்த விசேஷத்திலோ அடுத்த ஆஸ்பத்திரி வாசலிலோ எழுந்து நிற்கும். இருவரோடும் உறவாகவே இருந்துகொண்டு, இருவருக்காகவும் பேசாமல் இருப்பதுதான் வேலை. கஷ்டமான வேலை, மறுக்கவில்லை.

"பேசாதீங்க" என்பது அம்மாவுக்கு நீங்கள் போட்ட உத்தரவு. அதைக் கேட்பதும் கேட்காததும் அவர் கையில் இருக்கிறது. "நான் போய்ச் சொல்ல மாட்டேன்" என்பது முழுக்க உங்கள் கையில். நீங்கள் காப்பாற்றக்கூடிய எல்லை இந்த இரண்டாவதுதான். அடுத்த முறை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "உங்களுக்கு வருத்தமா இருக்குன்னு புரியுதும்மா. ஆனா இதை நான் அண்ணன்கிட்ட கொண்டு போக மாட்டேன், நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும். பேசும்போது நான் கூட இருக்கணும்னா லைன்ல இருக்கேன்." அண்ணனிடமும் இதே வாக்கியம், ஆளுக்குத் தகுந்தபடி. விளக்கம் வேண்டாம். விளக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு எதிர்க்காரணம் வரும், ஒரு மணி நேரத்தில் மறுபடியும் தூது போக ஒப்புக்கொண்டிருப்பீர்கள்.

அம்மாவின் மௌனத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இத்தனை காலம் கிடைத்துவந்த ஒன்று திடீரென்று நின்றால், அதைத் திரும்பப் பெறுவதற்கான முயற்சி பல சமயம் முதலில் கூடிவிட்டு அப்புறம்தான் குறையும். நடத்தையை ஆராய்கிறவர்களுக்கு இது ரொம்பப் பழகிய விஷயம். கோபம், அழுகை, "ம்" எல்லாம் அதில் சேரும். நடுவில் மனசு கேட்காமல் ஒரு தடவை தூது போனீர்கள் என்றால், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் இவள் போவாள் என்பது பாடமாகிவிடும். அதே நேரம் வழக்கமாகக் கூப்பிடும் நேரத்தில் கூப்பிடுங்கள், அப்பாவைப் பற்றிக் கேளுங்கள், பேத்தியைப் பேசவையுங்கள். மகள் எங்கேயும் போகவில்லை, தூதுதான் நின்றிருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டும்.


இரவுப்பணி:

எல்லோரும் அம்மா அண்ணன் என்றே பேசுகிறோம், அந்தக் குழந்தையை மறந்துவிட்டோம்.

மார்க் கம்மிங்ஸ் என்ற உளவியலாளர் பெற்றோரின் சண்டை குழந்தைகளை எப்படிப் பாதிக்கிறது என்றே நிறைய ஆய்வு செய்தவர். சண்டை நடந்ததா என்பதோடு, அது எப்படி முடிந்தது என்பதும் குழந்தைக்கு ரொம்ப முக்கியம் என்று அந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. சமாதானம் ஆனதைப் பார்த்த குழந்தையின் கலக்கம் வெகுவாகக் குறைகிறது. சமாதானம் கண்முன்னே நடக்காவிட்டாலும், பேசி முடித்துவிட்டோம் என்று பிறகு சொன்னாலே உதவுகிறது. பெரும்பாலான வீடுகளில் நாம் செய்வது இதற்கு நேர் எதிர், சண்டையைக் கூடத்தில் போட்டுவிட்டு சமாதானத்தைக் கதவுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறோம். குழந்தைக்குக் கதையின் முதல் பாதி மட்டும்தான் கிடைக்கிறது.

அதனால் மகளிடம் நீங்கள் இருவரும் சேர்ந்து சொல்லுங்கள்: "பாட்டி விஷயத்துல நாங்க வேற வேற மாதிரி நினைச்சோம், சத்தம் போட்டுட்டோம். பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கோம். இதுக்கு நீ காரணம் இல்ல." அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், இந்த வயதுக் குழந்தைகள் எதையும் தன் தலையில் போட்டுக்கொள்ளும். இன்னும் பேசி முடிக்கவில்லை என்றால் முடிந்ததாக நடிக்க வேண்டாம், கண்டுபிடித்துவிடுவார்கள்.

உங்களுக்கும் கணவருக்கும் ஒன்று. தம்பதிகளைப் பல பத்தாண்டுகள் ஆய்வகத்தில் கவனித்த ஜான் காட்மன் சொல்வது, சண்டையில் இதயத்துடிப்பு நிமிஷத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிராளி பேசுவது காதில் விழும், மண்டையில் ஏறாது. அந்த நிலையில் எவ்வளவு நல்ல வாதமும் வீண். குறைந்தது 20 நிமிஷம் இடைவெளி வேண்டும் என்கிறார், அதுவும் அடுத்து என்ன பதிலடி கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் அது இடைவெளி ஆகாது. எழுந்து போகும்போது எப்போது திரும்பி வந்து பேசுவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் மற்றவருக்கு அது கதவைச் சாத்துவது போலத்தான் தெரியும். எங்கள் வீட்டில் "எட்டு மணிக்குப் பேசலாம்" என்று சொல்லிவிட்டால் எட்டு மணிக்குப் பேசியே ஆக வேண்டும், அது மட்டும் சட்டம்.

அவர் "பேசாதே" என்பது உங்கள் அம்மா மேல் இருக்கும் கோபமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு போனுக்குப் பிறகும் நீங்கள் வாடிப்போவதைப் பார்க்கிறவர் அவர்தான். வழி சொல்லாமல் பத்து நிமிஷம் கேட்டால் போதும் என்று அவரிடம் வாய்விட்டுக் கேட்டுப் பாருங்கள், நிறைய பேருக்கு அது தானாகத் தோன்றாது.


நடுநிலையாளர்:

தகராறுகளைப் பேசித் தீர்த்துவைப்பது என் தொழில், சமரசப் பேச்சு. பெற்றோரை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றதை மேலே உள்ளவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள்.

முதல் கேள்வி, அப்பாவிடமும் அம்மாவிடமும் கேட்டீர்களா? நீங்கள் எழுதியதில் பிள்ளைகள் வாதாடுகிறீர்கள், அண்ணன் வெளியேறுகிறான், ஆனால் யாரைப் பற்றிப் பேச்சோ அவர்கள் இருவருக்கும் என்ன வேண்டும் என்று ஒரு வரி இல்லை. அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர் குழந்தையாகிவிடவில்லை. அவர்கள் இல்லாமல் எடுக்கும் முடிவு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அடுத்த சண்டைக்கு அதுவே விதையாகும். இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன், சகோதரர்கள் கஷ்டப்பட்டு ஒத்துவருவார்கள், அப்பா "நான் எங்கேயும் வரமாட்டேன்" என்று ஒரே வாக்கியத்தில் கலைத்துவிடுவார். அவர் பக்கம்தான் நியாயம்.

இரண்டாவது, முடிவுகளை வைத்து மோதாதீர்கள், அதன் பின்னால் இருக்கும் தேவையைக் கேளுங்கள். "அம்மா அப்பா என் வீட்டுக்கு வர வேண்டாம்" என்பது ஒரு நிலைப்பாடு. அதற்குப் பின்னால் இடப் பற்றாக்குறை இருக்கலாம், வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கலாம், பக்கத்தில் இருப்பதால் எல்லாம் தன் தலையில் விழுந்து யாரும் நன்றி சொல்லவில்லை என்ற புண் இருக்கலாம். பயத்துக்கு ஒரு வழி, புண்ணுக்கு வேறு வழி. ஹார்வர்டில் ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் பேச்சுவார்த்தை பற்றி 1981இலேயே எழுதிப் பிரபலமாக்கிய கருத்து இது, எங்கள் தொழிலில் இதைத் தாண்டி நாங்கள் ஒன்றும் பெரிதாகப் போய்விடவில்லை.

தட்டச்சில் வேண்டவே வேண்டாம். குழுவில் எழுதும் எதற்கும் குரல் கிடையாது, படிக்கிறவர் தன் மனநிலைக்கு ஏற்ற குரலைப் போட்டுக்கொள்வார். நேரில் முடியாவிட்டால் வீடியோ அழைப்பு, ஒரே ஒரு விஷயம், ஒரு மணி நேரம். பத்து வருஷத்துக்கு முன் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்ற கணக்கு வந்தால் "அது தனியாப் பேசுவோம்" என்று ஒருவர் நிறுத்த வேண்டும், அந்த ஒருவர் நீங்களாக இருக்கக் கூடாது, ஏற்கனவே உங்களுக்கு வேலை அதிகம். வீட்டில் எல்லோரும் மதிக்கும் ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருந்தால் அவர் செய்யலாம், பக்கம் சாயாதவராக இருக்க வேண்டும்.

பார்த்துக்கொள்வது என்பதை முழுசாக ஒரு ஆள் தலையில் கட்டாமல் உடைத்துப் பாருங்கள். டாக்டரிடம் கூட்டிப் போவது, மருந்து தீர்வதற்குள் வாங்கிவைப்பது, காப்பீட்டுத் தாள்கள், பணம் கட்டுவது, தினமும் ஒரு அழைப்பு, பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு வாரம் விடுப்பு கொடுக்க இன்னொருவர் வந்து தங்குவது. இதில் பாதி தூரத்திலிருந்தே செய்யக்கூடியது. யார் எது என்று எழுதி, மூன்று மாதத்துக்குப் பிறகு திரும்பப் பார்ப்போம் என்று தேதி போட்டுவிடுங்கள். நிரந்தர முடிவு என்றால் எல்லோரும் முறைப்பார்கள், மூன்று மாதம் பார்ப்போம் என்றால் ஒத்துக்கொள்வார்கள்.


நடுப்பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி. அப்பா அம்மாவிடம் யாருமே கேட்கவில்லை என்பது நீங்கள் எழுதிய பிறகுதான் உறைத்தது.

ஒரு சந்தேகம். அண்ணன் "தூரத்துல உக்காந்துட்டு எல்லாரும் யோசனை சொல்லுவீங்க" என்பான். நான் என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் அப்படித்தான் ஆரம்பிக்கும். அவன் வராவிட்டால் இதெல்லாம் எப்படி நடக்கும்? கணவர் இன்னும் அம்மா வீட்டுக்குக் கொஞ்ச நாள் மகளை அனுப்ப வேண்டாம் என்கிறார், அதிலும் எனக்குக் குழப்பம்.


கேட்டுப்பேசு:

அவன் சொல்வது உண்மைதானே, அதை முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள். "பக்கத்துல இருக்கிறதால நீதான் அதிகம் பார்க்கிற, எங்களுக்கு அது தெரியும். இந்த மாசத்துல இருந்து உன்கிட்ட இருந்து எதை நான் வாங்கிக்கலாம்?" என்று கேளுங்கள். யோசனை சொல்கிறவள் மேல் வரும் எரிச்சல் வேலையைக் கேட்டு வாங்குகிறவள் மேல் வராது. அப்படியும் வரவில்லை என்றால், வருகிறவர்களை வைத்து ஆரம்பியுங்கள், அவனுக்கு ஒரு நாற்காலி காலியாக இருக்கட்டும், முடிவுகளை மறைக்காமல் தெரியப்படுத்துங்கள். அவனை வரவைப்பது உங்கள் கையில் இல்லை.

மகளை அனுப்ப வேண்டாம் என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன், அங்கே அவளுக்கு எந்த ஆபத்தும் இல்லாதவரை. ஹவாயில் காவாய் என்ற தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வறுமை, வீட்டில் ஓயாத சண்டை, பெற்றோருக்கு மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்கள். அந்தக் குழந்தைகளிலும் மூன்றில் ஒருவர் தேறி, நல்லபடியாக வாழ்கிற பெரியவர்களாக வந்தார்கள். அவர்களுக்குத் துணையாக இருந்தவற்றில் ஒன்று தாத்தா பாட்டி மாதிரி யாராவது ஒரு பெரியவரின் நிலையான பாசம். பெரியவர்கள் சண்டையில் குழந்தையின் அந்தக் கயிற்றை அறுக்காதீர்கள். பாட்டி பேத்தியிடம் மாமாவைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது, அந்த எல்லையை வையுங்கள், கறாராகவே வையுங்கள். அடுத்த தூதர் அவளாக ஆகிவிடக் கூடாது.

இன்னொன்று. ஆஸ்பத்திரி நாட்களை நீங்கள் ஏதோ விதிவிலக்கு மாதிரி எழுதியிருக்கிறீர்கள். குடும்பங்கள் எப்படி நெருக்கடியைத் தாங்கி எழுகின்றன என்று ஆராய்ந்த ஃப்ரோமா வால்ஷ் கவனிக்கச் சொல்வதில் பல அந்த நாட்களில் உங்களிடம் இருந்தன: நிலைமைக்கு ஏற்ப வேலையை மாற்றிக்கொண்டது, விஷயத்தைத் தெளிவாகப் பேசியது, சேர்ந்து தீர்த்தது. அன்று யார் எப்போது வருவது என்று முறை இருந்தது, யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது, டாக்டர் சொன்னது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது. இப்போது அந்த மூன்றும் இல்லை. மனுஷர்கள் மாறவில்லை.


வெளிச்சம்:

குறுக்கே ஒன்று. மேலே சொன்னதெல்லாம் சாதாரணக் கோபதாபம் உள்ள வீட்டுக்கு. அடி, மிரட்டல், குடித்துவிட்டு ரகளை, பணத்தைப் பிடுங்குவது என்றெல்லாம் இருந்தால் சேர்ந்து உட்கார்ந்து பேசுவதே ஆபத்து, அங்கே முதலில் பாதுகாப்பு, வெளியார் உதவி, தொடர்பைக் குறைப்பதுகூட நியாயம்தான். உங்கள் வீடு அப்படி இல்லை என்று தெரிகிறது, ஆனால் படிக்கிற எல்லோர் வீடும் உங்கள் வீடு இல்லையே.


சிடுமூஞ்சி:

போவன், காட்மன், ஹவாய் எல்லாம் வந்துவிட்டது. இவ்வளவு பேர் இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், மூன்று பிள்ளைகள் என்று முதல் வரியிலேயே அவர் சொன்னார். அந்தத் தம்பி எங்கே?


நடுப்பிள்ளை:

நியாயமான கேள்வி. குழுவில் யார் என்ன எழுதினாலும் ஒரு கட்டை விரல் போடுவான், அவ்வளவுதான். அவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, சின்னவன் என்று அப்படியே பழகிவிட்டது.


நடுநிலையாளர்:

அப்படியென்றால் அவரிடமிருந்து ஆரம்பியுங்கள். யாரோடும் சண்டை போடாதவர், யாருக்கும் தூதும் போகாதவர். அந்த அழைப்புக்கு நேரம் குறிப்பதும், பழைய கணக்கு வந்தால் நிறுத்துவதும் அவர் வேலையாக இருக்கட்டும். சம்மதிப்பாரா?


நடுப்பிள்ளை:

இப்போதுதான் கூப்பிட்டேன். "நான் என்ன சொன்னாலும் நீங்க மூணு பேரும் கேக்க மாட்டீங்களே" என்றான். கேட்கிறோம் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மாலை அழைப்பை அவனே போடுகிறானாம், அண்ணனிடமும் அவனே பேசுகிறானாம். ஆனால் அண்ணனிடம் அம்மா சார்பாக எதுவும் பேசாதே, நேரம் மட்டும் கேள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.